மலையில் மட்டும் டொக்கு டொக்கு: பிக்கப் ஸ்டார்ட் ஆகும்போது வரும் சத்தத்தைப் பிடிப்பது எப்படி

ஊட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் கேத்திக்குக் கேரட் லோடு ஏற்றப் போய், லேட்டாகிவிட்டதால் ராத்திரி அங்கேயே தங்கி, விடியற்காலை நாலரை மணிக்குச் சாவியைத் திருப்பினேன். ஜனவரி மாதம், புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளையாகக் கிடக்கிறது. செல்ஃப் இரண்டு தடவை இழுத்துவிட்டு மூன்றாவது தடவைதான் பிடித்தது. பிடித்ததும் பானட்டுக்குள் யாரோ உட்கார்ந்து சுத்தியலால் அடிக்கிற மாதிரி டொக்கு டொக்கு என்று ஒரு சத்தம், பின்னால் வெள்ளையாகப் புகை, வண்டியே உதறுகிறது. ஒரு நிமிஷம் போனதும் எதுவுமே நடக்காத மாதிரி அமைதியாகிவிட்டது. மேட்டுப்பாளையம் இறங்கி மண்டியில் லோடு இறக்கிவிட்டு முதலில் கண்ணில் பட்ட பட்டறையில் விட்டேன். நான் சொன்னதைப் பாதி கேட்டதுமே "கன்ராடு பேரிங் போயிருக்கும், இன்ஜினை இறக்கிப் பார்க்கணும்" என்றார்கள், அதாவது பிஸ்டனையும் கிராங்க் ஷாஃப்டையும் இணைக்கும் தண்டின் பேரிங். அப்போது வண்டி சத்தமே போடாமல் ஓடிக்கொண்டிருந்தது.

இறக்கவில்லை. இன்ஜின் டீசல் பம்ப் ரிப்பேர் பார்க்கும் ஒரு பெரியவரிடம் போனேன், அவர் பானட்டைக்கூடத் திறக்காமல் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஏனுங்க தம்பி, இங்க மேட்டுப்பாளையத்துல ராத்திரி நிறுத்தி எடுத்தா சத்தம் வருதுங்களா?" வராது என்றேன். "அப்புறம் எப்படிங்க பேரிங்? அதுக்கு ஊட்டி எது, மேட்டுப்பாளையம் எதுன்னு தெரியுமா?" என்றார். ஸ்டார்ட் பண்ணும்போது சிலிண்டருக்குள் சூடேற்றிக் கொடுக்கும் நாலு ஹீட்டர் பிளக்கில் இரண்டு செத்துக் கிடந்தது, அவ்வளவுதான் விஷயம்.

அன்றைக்குக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஸ்டார்ட்டிங்கில் சத்தம் வந்தால் சத்தம் எப்படி இருக்கிறது என்பதைவிட எத்தனை நொடி இருக்கிறது, எப்போது நிற்கிறது என்பதுதான் பாதி நோயைச் சொல்லிவிடும். டொக்கு, டக்கு, கடகட என்று ஆளுக்கு ஒரு மாதிரி சொல்வோம், மெக்கானிக் அதை ஆளுக்கு ஒரு மாதிரி புரிந்துகொள்வார். நொடிக் கணக்கு எல்லோருக்கும் ஒன்றுதான். நான் சொல்வது பெரும்பாலும் டீசல் பிக்கப்புக்கு: பொலேரோ பிக்கப், தோஸ்த், இன்ட்ரா மாதிரி நம் ரோட்டில் ஓடுகிற வண்டிகளுக்கு.

கை வைப்பதற்கு முன்னால்

சத்தத்தைக் கேட்க இன்ஜின் ராத்திரி முழுக்க நின்றிருக்க வேண்டும். பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போய்க் காட்டினால் சூடான இன்ஜின் சாது மாதிரி நிற்கும், உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள். முடிந்தால் முந்தின நாளே வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டு, காலையில் மெக்கானிக் முன்னால் எடுங்கள். முடியாவிட்டால் போனில் வீடியோ எடுங்கள், பானட்டைத் திறந்து வைத்து, சாவி போடுவதற்கு முன்னாலிருந்து ஒரு இரண்டு நிமிஷம் விடாமல். புகையும் தெரிகிற மாதிரி சைலன்சர் பக்கம் இன்னொரு ஆளை நிற்க வைத்து இன்னொரு போனில் எடுத்தால் ரொம்ப நல்லது.

ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் ஆயில் பாருங்கள். சமதளத்தில் நிற்கும் வண்டியில் கேஜை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுத்துப் பார்ப்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் குறைந்திருக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்போம். கூடியிருக்கிறதா என்றும் பாருங்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 டீசல் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் சைலன்சர் வழியில் கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் ஃபில்டர் இருக்கும். அந்தக் கரியை எரிக்க இன்ஜின் அவ்வப்போது கொஞ்சம் டீசலைத் தாமதமாகப் பீய்ச்சி வெளியே போகிற புகையைச் சூடாக்கும். ஊருக்குள்ளேயே நாலு கிலோமீட்டர், ஐந்து கிலோமீட்டர் என்று ஓட்டி ஓட்டி நிறுத்தினால் இந்த எரிப்பு பாதியிலேயே நின்றுபோய், அந்த டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து ஆயிலில் கலக்கும். ஆயில் மட்டம் மேக்ஸ் கோட்டைத் தாண்டி நிற்கும், விரலில் தொட்டால் தண்ணி மாதிரி ஓடும், முகர்ந்தால் டீசல் வாசனை அடிக்கும். "பரவாயில்லையே, ஆயிலே குடிக்கவில்லை" என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு ஓட்டினால் பேரிங்கைத் தின்றுவிடும். அப்படி இருந்தால் சத்தத்தைத் தேடுவதை அப்புறம் பார்க்கலாம், முதலில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள், கலந்த காரணத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் பேட்டரி. நிற்கும்போது 12.6 வோல்ட் அளவு இருக்க வேண்டும், செல்ஃப் அடிக்கும்போது பத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். ஒன்பதரைக்குக் கீழே விழுந்தால் இன்ஜின் மெதுவாகச் சுற்றும். மெதுவாகச் சுற்றினால் சிலிண்டரில் காற்று போதுமான அளவு சூடாகாது, சூடாகாவிட்டால் டீசல் ஒழுங்காகப் பற்றாது, டொக்கு டொக்கு வரும். பழைய பேட்டரியால் வந்த சத்தத்துக்கு, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலை மாற்றினவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டு மூன்று நொடியில் நின்றுவிடும் சத்தம்

பிடித்ததும் ஒரு கடகட, இரண்டு மூன்று நொடி, அப்புறம் ஆயில் லைட் அணைவதும் சத்தம் நிற்பதும் ஒன்றாக நடக்கிறது. இது ஆயில் மேலே ஏறுவதற்கு ஆகும் நேரம். ராத்திரி முழுக்க ஆயில் கீழே சம்பு என்கிற ஆயில் தொட்டிக்கு வடிந்துவிடும். ஆயில் ஃபில்டருக்குள் ஒரு ரப்பர் வால்வு இருக்கும், அது ஃபில்டரில் இருக்கும் ஆயிலைத் திரும்பி வடியாமல் பிடித்து வைக்கும். மலிவான ஃபில்டரில் இந்த ரப்பர் சீக்கிரம் விறைத்துப்போய்விடும், சிலதில் சரியாகப் படிவதே இல்லை. ஃபில்டர் தினமும் காலையில் காலியாகத்தான் இருக்கும், அது நிறைந்த பிறகுதான் இன்ஜினுக்கு ஆயில். போன சர்வீசுக்குப் பிறகுதான் இந்தச் சத்தம் ஆரம்பித்தது என்றால் ஒரிஜினல் ஃபில்டர் ஒன்று வாங்கி மாற்றிப் பாருங்கள், இதைவிடச் சின்ன செலவில் எந்தச் சத்தமும் நிற்காது.

ஆயில் கிரேடு பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குளிருக்காக 15டபிள்யூ-40 ஊற்றக் கூடாது, ஊட்டியில் உறைந்துவிடும் என்றெல்லாம் சொல்வார்கள். 15டபிள்யூ ஆயிலை மைனஸ் 25 டிகிரியில்கூட பம்ப் இழுக்க வேண்டும் என்பதுதான் அதன் தர அளவே. ஊட்டியில் எந்தக் காலத்திலும் அந்தக் குளிர் இல்லை. 5டபிள்யூ குளிரில் வேகமாக ஓடும், உண்மைதான், ஆனால் எதை ஊற்றுவது என்பதை வண்டிப் புத்தகத்தைப் பார்த்து முடிவு பண்ணுங்கள். டிபிஎஃப் இருக்கும் வண்டிக்குச் சாம்பல் குறைந்த ஆயில்தான் ஊற்ற வேண்டும், அந்த இடத்தில் கடைக்காரர் பேச்சைக் கேட்காதீர்கள்.

ஃபில்டர் மாற்றியும் போகவில்லை, சங்கிலியைத் தகரத்தில் போட்டு இழுக்கிற மாதிரி இன்ஜினின் முன்பக்கத்திலிருந்து வருகிறது என்றால் டைமிங் செயின் பக்கம் பாருங்கள். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் நிறைய இன்ஜின்களில் ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்யும், அழுத்தம் வரும்வரை செயின் தளர்ந்து ஆடும். ஒரு நொடி என்றால் பொறுக்கலாம். போன மாதம் ஒரு நொடி, இந்த மாதம் நாலு நொடி என்று வளர்ந்தால் டென்ஷனர் தேய்ந்திருக்கிறது அல்லது செயின் நீண்டிருக்கிறது. இதைத் தள்ளிப்போடாதீர்கள், செயின் ஒரு பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும், அதற்கப்புறம் வருகிற செலவு வேறு கணக்கு.

ஸ்டார்ட் ஆகும் அந்த ஒரு கணத்தில் ஒரு தடவை, ஆஃப் பண்ணும்போது ஒரு தடவை "டம்" என்று அடித்தால் அது இன்ஜினுக்குள்ளேயே இல்லை. இன்ஜின் மவுண்டிங் ரப்பர். ஒருவர் சாவி போட, இன்னொருவர் பானட்டுக்குள் தள்ளி நின்று பார்த்தால் இன்ஜின் குதிப்பது கண்ணுக்கே தெரியும். இரண்டு சிலிண்டர், மூன்று சிலிண்டர் வண்டிகள் இயல்பாகவே கொஞ்சம் உதறும், அதையும் கணக்கில் வையுங்கள். கிளட்சை மிதித்தால் சத்தம் மாறுகிறதா என்றும் ஒரு தடவை பாருங்கள். மாறினால் தேட வேண்டிய இடம் கிளட்ச், ஃப்ளைவீல், கியர்பாக்ஸ் பக்கம், இன்ஜினைத் திறக்கவே தேவையில்லை.

சூடாகும்வரை இருந்துவிட்டுப் போகும் சத்தம்

ஊட்டியில் எனக்கு வந்தது இந்த வகைதான், நிறைய பேர் ஏமாறுவதும் இங்கேதான்.

டீசல் இன்ஜினில் பற்ற வைக்க ஸ்பார்க் பிளக் கிடையாது. அழுத்திச் சூடான காற்றில் டீசலைப் பீய்ச்சினால் அது தானே பற்றிக்கொள்ளும். ஆனால் பீய்ச்சிய உடனே பற்றாது, நடுவில் ஒரு சின்ன தாமதம் இருக்கும். இன்ஜின் குளிர்ந்திருந்தால் அந்தத் தாமதம் நீளும், அதற்குள் டீசல் நிறையச் சேர்ந்துவிடும், சேர்ந்தது எல்லாம் ஒரே நேரத்தில் பற்றும்போது அழுத்தம் சட்டென்று ஏறிப் பிஸ்டன் தலையில் அடிக்கும். அந்த அடிதான் டொக்கு. எதுவும் தேயவில்லை, எதுவும் உடையவில்லை, எரிகிற விதம்தான் சரியில்லை. ரெயில் என்கிற ஒரு குழாயில் டீசலைப் பெரிய அழுத்தத்தில் வைத்துக் கம்ப்யூட்டர் சொல்கிறபடி பீய்ச்சும் சிஆர்டிஐ வண்டிகள் முதலில் துளியூண்டு டீசலை முன்கூட்டியே பீய்ச்சி இந்த அடியைக் குறைக்கும், அதனால்தான் பழைய வண்டிகளைவிட இவை சாந்தமாக இருக்கின்றன.

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். குளிர் போதாதென்று காற்றழுத்தமும் கீழே இருப்பதைவிடக் கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவான அளவு இறங்கிவிடும். கீழே 25 டிகிரியில் ஹீட்டர் பிளக் இல்லாமலேயே ஸ்டார்ட் ஆகிற வண்டி, மேலே வந்து ஒரு ராத்திரி நின்றால்தான் பிளக் செத்தது தெரியும். சமவெளி வண்டிகளில் இந்த பிளக் செத்து வருஷக்கணக்கில் யாருக்கும் தெரியாமலே கிடக்கும். கொடைக்கானல், ஏற்காடு, வால்பாறை போகிறவர்களுக்கும் இதேதான். ஆயுதபூஜைக்கு வண்டிக்குப் பொட்டு வைக்கிற கையோடு பிளக்கையும் ஒரு தடவை சோதித்துவிடலாம், குளிர்காலம் அதற்கப்புறம்தானே வருகிறது.

சோதிப்பது சுலபம். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பிளக்குகளுக்கு வரும் வயரையும், எல்லாவற்றையும் இணைக்கும் பட்டை இருந்தால் அதையும் கழற்றுங்கள். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து ஒரு முனையைப் பிளக்கின் தலையிலும் இன்னொன்றை இன்ஜின் பாடியிலும் வையுங்கள். நல்ல பிளக் ஒரு ஓம் சுற்றுவட்டாரத்தில் காட்டும், அரையிலிருந்து இரண்டு வரை இருக்கலாம், நாலும் கிட்டத்தட்ட ஒன்று போலக் காட்ட வேண்டும். செத்த பிளக் எதுவுமே காட்டாது. மீட்டர் இல்லையா, டெஸ்ட் லைட்டின் கிளிப்பை பேட்டரி பிளஸ்ஸில் மாட்டிக் கூர் முனையால் பிளக்கின் தலையைத் தொடுங்கள், எரிந்தால் உயிர் இருக்கிறது. பேட்டரியிலிருந்து நேராக வயர் கொடுத்துச் சிவக்கிறதா என்று பார்க்கிற பழைய பழக்கத்தைப் புது வண்டிகளில் செய்யாதீர்கள், சில பிளக்குகள் குறைந்த வோல்ட்டில் வேலை செய்பவை, நீங்களே கொன்றுவிடுவீர்கள். நாலும் நல்லா இருக்கிறது ஆனாலும் சத்தம் வருகிறது என்றால் சாவி போட்டதும் பிளக்குக்குக் கரண்ட் வருகிறதா என்று பாருங்கள், வராவிட்டால் ரிலே அல்லது ஃபியூஸ்.

பிளக்கைக் கழற்றும்போது மட்டும் அவசரமே கூடாது. முந்தின நாளே துருவுக்கான ஆயிலை அடித்து ஊற விடுங்கள், இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக முன்னும் பின்னும் திருப்பி எடுங்கள். இறுக்கமாக இருக்கிறது என்று நீளமான ராடு போட்டுத் திருகினால் பிளக் ஹெட்டுக்குள் உடைந்து நின்றுவிடும், அப்புறம் ஹெட்டைக் கழற்றி லேத் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.

ஓட்டுகிற விதமும் உண்டு. சாவியை ஆன் பண்ணி, சுருள் கம்பி மாதிரி இருக்கும் மஞ்சள் லைட் அணையும்வரை காத்திருந்து அப்புறம் செல்ஃப் அடியுங்கள். மலையில் இரண்டு தடவை அப்படிச் சூடாக்கினாலும் தப்பில்லை. பத்து நொடிக்கு மேல் தொடர்ந்து செல்ஃப் அடிக்காதீர்கள், அரை நிமிஷம் விட்டு அடியுங்கள். பிடித்ததும் ரேஸ் கொடுக்கிற பழக்கம் நம் டிரைவர்களில் பாதிப் பேருக்கு உண்டு, புகையைத் தள்ளுகிறேன் என்பார்கள். ஆயில் இன்னும் மேலே ஏறவில்லை, டர்போவுக்கும் போகவில்லை, அந்த நேரத்தில் கொடுக்கிற ரேஸ் பேரிங்கைத் தேய்க்கிறதைத் தவிர வேறு எதுவும் செய்யாது.

பிளக் சரி, சத்தம் இருக்கிறது. அடுத்து டீசல். டீசல் ஃபில்டரின் அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்து அரை மணி நேரம் வையுங்கள், தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும். நம் பெட்ரோல் பங்கில் விற்கும் பிஎஸ்-6 டீசலுக்குச் சீட்டேன் எண் குறைந்தது 51 இருக்க வேண்டும், அது எவ்வளவு சீக்கிரம் பற்றிக்கொள்ளும் என்பதற்கான அளவு. மண்ணெண்ணெய் கலந்தால் அந்த எண் குறையும், வழவழப்பும் போய்ப் பம்ப்பும் நாசிலும் தேயும். விலை குறைவு என்று கேனில் வாங்கி ஊற்றிய டீசலுக்குப் பிறகு சத்தம் ஆரம்பித்தது என்றால் காரணத்தை வேறு எங்கும் தேட வேண்டாம்.

டீசலும் நல்லது என்றால் நாசில். ஒரு நாசில் மூடாமல் சொட்டினால், நிறுத்திய பிறகும் அந்தச் சிலிண்டரில் டீசல் சேர்ந்து, காலையில் அது மட்டும் பலமாக அடிக்கும். சிஆர்டிஐ நாசில்களை வீட்டிலேயே ஓரளவு சோதிக்க ரிட்டர்ன் டெஸ்ட் இருக்கிறது: ஒவ்வொரு நாசிலின் ரிட்டர்ன் ஹோஸையும் கழற்றித் தனித்தனி பாட்டிலில் விட்டு, ஐடிலிங்கில் சில நிமிஷம் ஓடவிட்டுப் பார்ப்பது. நாலிலும் ஏறத்தாழ ஒரே அளவு வர வேண்டும், ஒன்றில் மட்டும் இரண்டு மடங்கு வந்தால் அதன்மேல் சந்தேகப்படலாம். ஒன்று ஞாபகம் வையுங்கள், இந்தச் சோதனை உள்ளே கசிகிற நாசிலைத்தான் காட்டும், நுனியில் சொட்டுவதைக் காட்டாது, அதற்கு டெஸ்ட் பெஞ்ச் வைத்திருக்கும் பம்ப் நாசில் கடைக்குத்தான் போக வேண்டும். நாசில் மாற்றினால் அதன்மேல் பொறித்திருக்கும் கோட் நம்பரை ஸ்கேனர் மூலம் வண்டிக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டிய வண்டிகள் நிறைய. ஏற்றாமல் விட்டால் புது நாசிலும் சத்தம் போடும், நாசிலே சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டை போடுவீர்கள்.

நாசிலின் அடியில் இருக்கும் செப்பு வாஷர் கசிந்தாலும் இதே மாதிரி வரும், ஆனால் அது டொக்கு என்று இருக்காது, சுஃப் சுஃப் என்று காற்று அடிக்கும். நாசிலைச் சுற்றித் தார் ஊற்றின மாதிரிக் கறுப்பாகப் படிந்திருக்கும். அதற்கு அண்ணன் தம்பி மாதிரி இன்னொன்று, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கெட் லீக். குளிரில் இடைவெளி இருக்கும், டிக்கு டிக்கு என்று, வால்வைத் தள்ளித் திறக்கும் டேப்பெட் மாதிரியே அடிக்கும், இரும்பு சூடாகி விரிந்ததும் இடைவெளி மூடிச் சத்தம் நின்றுவிடும். மேனிஃபோல்ட் ஹெட்டில் சேரும் இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள், கரிக்கோடு தெரியும், ஒரு ஸ்டட் உடைந்துகூட இருக்கலாம். குளிர்ந்த இன்ஜினில் ஸ்டார்ட் பண்ணின உடனே அந்த இடத்துக்குப் பக்கத்தில் கையைக் காட்டினால், தொட வேண்டாம், காற்று குத்துவது தெரியும்.

கடைசியாகப் பிஸ்டன் ஸ்லாப். நிறைய ஓடிய வண்டியில் பிஸ்டனுக்கும் லைனருக்கும் இடைவெளி கூடியிருக்கும், குளிரில் பிஸ்டன் ஆடி பக்கச் சுவரில் அடிக்கும், வெற்று டப்பாவைத் தட்டுகிற மாதிரி ஓட்டையான சத்தம். அலுமினியப் பிஸ்டன் சூடாகி விரிந்ததும் போய்விடும். ஆயில் குடிக்கவில்லை, நீலப் புகை இல்லை, இழுவை குறையவில்லை என்றால் என் கருத்து, அதை அப்படியே ஓட்டுங்கள். இந்தச் சத்தத்தோடு வருஷக்கணக்கில் லோடு அடிக்கும் வண்டிகள் உண்டு. சத்தத்துக்காக மட்டும் லைனர் பிஸ்டன் மாற்றுவது வீண்.

சூடானாலும் போகாத சத்தம்

இதில்தான் பயப்பட வேண்டியதும் இருக்கிறது, பயப்படத் தேவையில்லாததும் இருக்கிறது. முதலில் வேகத்தைப் பாருங்கள். டேப்பெட் சத்தம் மேலேயிருந்து, லேசாக, டிக் டிக் என்று வரும். கேம் ஷாஃப்ட் கிராங்க் சுற்றுகிற வேகத்தில் பாதிதான் சுற்றும், அதனால் அடியும் நிதானமாக எண்ணக்கூடிய மாதிரி இருக்கும். திருகு வைத்துச் சரிசெய்கிற டேப்பெட் என்றால் வால்வு கவரைக் கழற்றி, புத்தகத்தில் சொல்லியிருக்கிற இடைவெளியை ஃபீலர் கேஜ் விட்டு வையுங்கள், அரை நாள் வேலை. ஆயிலில் வேலை செய்யும் டேப்பெட் என்றால் நல்ல ஆயில் மாற்றி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள், அடைப்பாக இருந்தால் தானே சரியாகக்கூடும்.

கன்ராடு பேரிங் வேறு ரகம். கீழேயிருந்து, சம்புப் பக்கத்திலிருந்து, கனமாக டொக் டொக் என்று வரும், ரேஸ் கொடுத்தால் கூடும். இன்ஜின் சூடாகி ஆயில் இளகிய பிறகு குறையாது, கூடும். என் வண்டியில் நடந்ததற்கு இது நேர் எதிர், அந்தப் பெரியவர் கேட்டதன் அர்த்தமும் இதுதான். 2,000 சுற்று வரை மெதுவாக ஏற்றிச் சட்டென்று காலை எடுங்கள், இறங்கும்போது தடதடவென்று அடித்தால் சந்தேகம் உறுதியாகிறது. இந்தச் சோதனையையும் ஒரு தடவைதான் செய்ய வேண்டும், காதுக்கு இனிமையாக இருக்கிறது என்று திரும்பத் திரும்பச் செய்யாதீர்கள்.

எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடிக்கப் பழைய மெக்கானிக்குகள் நாசில் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார்கள், தளர்த்திய சிலிண்டர் எரியாது, சத்தம் குறையும். பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டியில் துணியைச் சுற்றிக்கொண்டு செய்யலாம். சிஆர்டிஐயில் இதைச் செய்யவே செய்யாதீர்கள். ஐடிலிங்கிலேயே ரெயிலில் 250, 300 பார் இருக்கும், வேகத்தில் 1,600 பாரையும் தாண்டும். உங்கள் டயரில் இருப்பது நாலைந்து பார்தான். அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், வெளியில் குண்டூசி குத்தின மாதிரிதான் தெரியும், ஆனால் அது உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம், விரலையே இழக்கிற அளவுக்குப் போகும். சிஆர்டிஐ வண்டியில் ஸ்கேனரை மாட்டி ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்திப் பார்க்கிற வசதி இருக்கிறது, அதைச் செய்யச் சொல்லுங்கள்.

சத்தம் வருகிற இடத்தைக் கண்டுபிடிக்க நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜினில் வைத்துப் பிடியைக் காதில் வைத்துக் கேட்பது இன்னமும் நல்ல வழி. ஹெட், பிளாக்கின் பக்கவாட்டு, சம்பு, முன்பக்க கவர் என்று நாலு இடத்தில் வைத்தால் எங்கே பலமாக இருக்கிறது என்று புரியும். ஃபேன், பெல்ட் பக்கம் போகாதீர்கள், தோளில் துண்டு இருந்தால் கழற்றி வைத்துவிடுங்கள். ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் பேரிங்கும் இப்படிச் சத்தம் போடும். பெல்ட்டைக் கழற்றிவிட்டு அரை நிமிஷம் மட்டும் ஓடவிட்டுக் கேட்டால் அதுவும் தெரிந்துவிடும்.

பேரிங் என்று சந்தேகம் வந்தால் இன்ஜினை இறக்குவதற்கு முன்னால் ஆயிலைச் சுத்தமான தட்டில் வடியுங்கள், ஃபில்டரை வெட்டி உள்ளே இருக்கும் காகிதத்தை வெயிலில் விரித்துப் பாருங்கள். ஜரிகை மாதிரி மினுமினுத்தால் உலோகம். காந்தத்தை வைத்துப் பாருங்கள்: ஒட்டினால் இரும்பு, கிராங்க், கேம், செயின் மாதிரி எங்கிருந்தாவது வந்தது. பேரிங்கின் மேல்பூச்சு அலுமினியம், செம்பு, வெள்ளீயம் மாதிரியானது, காந்தத்தில் ஒட்டாது. ஒட்டாத மினுமினுப்பு நிறைய இருந்தால் வண்டியை ஓட்டாதீர்கள், பட்டறைக்குக்கூடக் கட்டி இழுத்துத்தான் போக வேண்டும். இன்னும் பத்து கிலோமீட்டர்தானே என்று ஓட்டினால் கன்ராடு உடைந்து பிளாக்கை ஓட்டை போட்டு வெளியே வரும், பேரிங் செலவு இன்ஜின் செலவாகிவிடும்.

உலோகம் எதுவும் தெரியவில்லை, ஆனாலும் மனசு கேட்கவில்லை என்றால் ஆயில் பிரஷர் சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் மீட்டர் மாட்டி அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். சூடான இன்ஜினில் ஐடிலிங்கில் ஒரு பார் அளவுக்கு நின்று, ரேஸ் கொடுத்தால் ஏறினால் பொதுவாக நல்லது, சரியான அளவு வண்டிப் புத்தகத்தில் இருக்கும்.

கடைசியில் பேரிங்தான் என்று முடிவானால் பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போட்டு மூடுவதை ஒத்துக்கொள்ளாதீர்கள். கிராங்கை லேத்தில் அளந்து, தேய்ந்திருந்தால் கடைந்து அதற்கு ஏற்ற அண்டர்சைஸ் பேரிங் போட வேண்டும். ஆயில் பம்ப்பையும் சம்புக்குள் இருக்கும் சல்லடையையும் பார்க்க வேண்டும், அடைப்பு அங்கே இருந்தால் புது பேரிங்கும் மூன்று மாதம்தான். கன்ராடு போல்ட்டுகளையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள், நிறைய இன்ஜின்களில் அவை ஒரு தடவை முறுக்கினால் நீளும் வகை.

பட்டறையில் வண்டியை விடும்போது "சத்தம் வருது, பாருங்க" என்று சொல்லாதீர்கள். "ராத்திரி நின்னு எடுத்தா மட்டும் வருது, நாப்பது நொடி இருக்கு, வெள்ளைப் புகை வருது, சூடானா இல்லை, கீழ ஊர்ல வரலை" என்று சொல்லி வீடியோவைக் காட்டுங்கள். அதையும் கேட்டுவிட்டு இன்ஜினை இறக்க ஸ்பேனரை எடுத்தால், சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு அடுத்த பட்டறைக்குப் போங்கள்.